ஆரம்பப் பாடசாலைச் சங்கீதம்: பல்லேகலயும் கண்டிப் பிரதேசமும்

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரையுள்ள பிள்ளைகள் அழகியற் கல்வியின் ஓர் அங்கமாகப் பாட்டும் தாளமும் கற்கின்றனர். கண்டிக்குக் கிழக்கே, மகாவலிக்கு அப்பால், குண்டசாலையை ஒட்டிய பல்லேகலப் பகுதியில் இந்தக் கல்வி மொழிமூலத்துக்கு ஏற்ப இரு வழிகளில் வளர்ந்தது. சிங்களமொழிமூல வகுப்புக்கு அடிப்படை இந்துஸ்தானி முறையும் சிங்கள நாட்டார் பாடலும். தமிழ்மொழிமூல வகுப்புக்குக் கர்நாடக முறையும் தேவாரமும்.

கண்டி அரசவையில் இப்படியொரு பிரிவு இருந்ததாகத் தெரியவில்லை. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் குண்டசாலையிலேயே மாளிகை அமைத்து வாழ்ந்ததால் ‘குண்டசாலை அரசன்’ என்று பெயர் பெற்றான். யானை, மயில், குதிரை, அனுமன் போன்றவற்றின் நடையையும் இயல்பையும் பாடும் 18 வன்னங்களை மரபு இவன் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறது. இன்று சிங்களப் பிள்ளைகள் பாடசாலையில் கற்கும் கண்டிய இசை, நடனம் இரண்டுக்கும் வன்னமே முதுகெலும்பு. இவனுக்குப் பின் மதுரை வழிவந்த நாயக்கர்கள் 1815 வரை ஆண்டார்கள். அவர்களுடைய அவையில் தென்னிந்தியப் பாட்டுக்கு நல்ல செல்வாக்கு இருந்தது.

தமிழ்ப் பிள்ளைகளின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பல்லேகல கோப்பித் தோட்டமாக இருந்தது, பின்னர் கொக்கோவும் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து ‘கண்டிச் சீமை’க்கு வந்த தொழிலாளர் குடும்பங்கள் தப்பு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்து எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்தன. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கு 1907, 1920 ஆண்டுச் சட்டங்கள் வழிசெய்தாலும், தொழிலாளர் லயன் வீடுகளின் அருகே ஒரு கொட்டகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார் என்பதே நடைமுறை. ஆத்திசூடியும் எண்சுவடியும் இராகம் போட்டுச் சொல்லப்பட்டன. சங்கீதம் என்று தனிப்பாடம் இல்லாவிட்டாலும் படிப்பு முழுவதும் ஓசையில்தான் நடந்தது. வீட்டில் கேட்ட தப்பு மட்டும் பள்ளிக்குள் வரவில்லை. பள்ளி மேடை பிற்காலத்திலும் தேவாரத்துக்குத் தந்த மதிப்பைத் தோட்டத்துப் பாட்டுக்குத் தரத் தயங்கியது. அந்தப் பாடல்களைத் தொகுத்து எழுத்தில் நிறுத்தியவர்களில் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்.

வடக்கில் நிலைமை வேறு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் வழியில் வந்த பள்ளிகளில் காலை வழிபாடும் திருமுறை ஓதலும் நிலைபெற்றன. மிஷன் பள்ளிகளில் ஞானப்பாட்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பிள்ளைப் பாடல்கள் நாடெங்கும் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்றன. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரவாரியாகப் பரீட்சை நடத்தியது; 1960இல் மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரால் இசைக்கல்லூரி வந்தது. மலையகத்துக்கு நியமனம் பெற்ற சங்கீத ஆசிரியர்களில் பலர் இந்த வழியில் பயின்றவர்கள். ஆகவே பாடத்தின் சாயலும் யாழ்ப்பாணத்துச் சாயல்தான்.

சிங்களப் பக்கத்தில் திருப்பம் வங்கக் கவிஞர் தாகூரால் நேர்ந்தது. அவர் 1934இல் இலங்கை வந்து ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். கண்டியில் நடனமும் பார்த்தார். அதன்பின் அவருடைய சாந்திநிகேதனுக்குப் பயிலச் சென்ற இலங்கையரில் ஆனந்த சமரக்கோன் ஒருவர். அவர் இயற்றிய பாடல் 1951இல் தேசிய கீதமாயிற்று. பண்டிதர் மு. நல்லதம்பியின் தமிழாக்கத்தைத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் பிள்ளைகள் பாடுகிறார்கள். சுதந்திர தினத் தேசிய விழாவில் அது நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் ஒலித்தது 2016இல். காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு, கூடிப் பாடும் முதற் பயிற்சி பெரும்பாலும் இந்தப் பாட்டே.

இரு மரபும் எங்கே பிரிகின்றன என்பது முதல் ஸ்வர வரிசையிலேயே தெரியும். தமிழ் வகுப்பில் சங்கீதம் முறையாகத் தொடங்கும்போது, புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகக் கருதப்படும் ஒழுங்கில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு அலங்காரங்கள், மலகரி இராகக் கீதம் என்று பாடம் நகரும். வரிசைகளுக்கு இராகம் 15ஆவது மேளமான மாயாமாளவகௌளை. சிங்கள வகுப்பில் தொடக்கம் பெரும்பாலும் பிலாவல், அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளிலேயே அதை வாசித்துவிடலாம். வேறுபடுபவை ரிஷபமும் தைவதமும் மட்டுமே, தமிழ்ப் பிள்ளையின் இரண்டும் அரைச் சுரம் தாழ்ந்தவை. பக்கத்துப் பக்கத்து வகுப்பில் ‘ஸ ரி க ம’ என்று ஒரே எழுத்துகளைப் பாடினாலும் காதில் விழுவது வேறு. மாயாமாளவகௌளையின் முற்பாதியும் பிற்பாதியும் ஒரே இடைவெளியில் அமைந்தவை, ஒன்று பிடிபட்டால் மற்றது தானே வரும் என்பது ஆசிரியர் மரபின் நியாயம். அது சரியே. ஆனால் ஸட்ஜத்தை ஒட்டிக்கிடக்கும் அந்தச் சுத்த ரிஷபம் சினிமாப் பாட்டில் பழகிய காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. முதல் மாதத்திலேயே ‘எனக்குப் பாட்டு வராது’ என்று ஒதுங்கும் பிள்ளைகள் உண்டு.

நல்லவேளையாக ஆரம்பப் பிரிவில் இந்த வரிசைகள் கட்டாயமில்லை. 1972இன் சீர்திருத்தம் அழகியலை இடைநிலை வகுப்புகளின் பொதுப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 1999இல் நாடெங்கும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1–2, 3–4, 5 என மூன்று முதன்மை நிலைகளை வகுத்துச் செயற்பாட்டை முன்னே வைத்தது. சிறுவகுப்பில் அபிநயப் பாடல், கைதட்டு, பறவை விலங்குகளின் ஒலி, உரத்த ஒலி, மெல்லிய ஒலி. மேலே போகப் போக ஏர்ப்பாட்டு, தோணிப்பாட்டு, கும்மி, கோலாட்டம், எளிய தாளம், வாத்தியங்களை இனங்காணல். கற்பிப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரே. ரீச்சருக்குக் குரல் இருந்தால் வகுப்பும் பாடும், இல்லாவிட்டால் ஒலிப்பதிவுதான் துணை. சற்று வசதியான பாடசாலைகளில் மெலோடிக்காவும் மேளமும் கொண்ட பான்ட் குழு இருக்கும். தமிழ்த் தினப் போட்டியின் பாவோதல், சிறுவர் குரலைப் பாடசாலைக்கு வெளியே கொண்டுபோகும் வாய்ப்பு. கிராமியப் பாடலுக்கும் அங்கு இடம் கிடைத்ததால் தோட்டத்துப் பாட்டு மெல்ல மேடையேறியது.

தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாளில் சங்கீதம் இல்லை. அந்த ஆண்டில் அழகியல் பாடவேளை கணிதப் பயிற்சிக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் போய்விடுவது கண்டியிலும் வழமை. அடுத்த ஆண்டு, தரம் 6இல், தமிழ்ப் பிள்ளை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். சங்கீத ஆசிரியர் இல்லாத மலையகப் பாடசாலையில், நன்றாகப் பாடும் பிள்ளையும் சித்திரக் கொப்பி வாங்குகிறது.