வண்ணமில்லா வண்ணப்பிரிகை

'குரோமட்டோகிராபி'க்குப் பாடநூல்கள் தரும் சொல் 'வண்ணப்பிரிகை'. கிரேக்கத்தில் 'குரோமா' என்றால் நிறம். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1906இல் எழுதிய கட்டுரைகளில் இப்பெயர் பொருந்தியே இருந்தது: சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாறு பச்சையும் மஞ்சளுமான பட்டைகளாகப் பிரிந்தது. பலபடிகளை அளக்கும் இன்றைய குழாயிலோ நிறத்துக்கு வேலையே இல்லை. கரைசலில் சுருண்டு கிடக்கும் பெரிய மூலக்கூறுகள் குழாயை நிரப்பிய மணிகளின் நுண்துளைகளில் நுழைய முடியாமல் முதலில் வெளியேறுகின்றன. சிறியவை துளைதோறும் புகுந்து பிந்துகின்றன. ஆக, குழாய் பிரித்துக் காட்டுவது பருமனை, எடையை அல்ல. பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்து வேறொரு பலபடிக்குச் சொல்லும் மூலக்கூறு எடை வெறும் ஒப்பீடுதான். ஒளிச்சிதறல் உணரியையும் இணைத்தால் அந்த அளவுகோலே தேவைப்படாது. பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். பொதுப்பெயராக அது இருக்கட்டும். இந்த ஒரு முறையைப் 'பருமன்வழிப் பிரிகை' என்றால், எது அளக்கப்பட்டது என்பது மாணவருக்குப் பெயரிலேயே விளங்கும்.