இரட்டைக் கிளட்சின் கதை

நான் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடியில் வாழ்பவன். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் சனிப்பெயர்ச்சி. அன்று காரைக்காலுக்குச் சென்று மீண்டபோது, கோயிலை நோக்கி ஊர்ந்த வண்டிகளின் நடுவே சிக்கிக்கொண்டேன். நடப்பவர்கள் என்னை முந்திச் சென்றார்கள். அரை மணி நேரம் அவ்வாறு ஊர்ந்த பின்னர் என் கார் நடுங்கத் தொடங்கியது. குளிர்காய்ச்சல் கண்டவன் உடம்புபோல் இருக்கை முழுவதும் அதிர்ந்தது. தீய்ந்த நாற்றம் எழுந்தது. கியர்ப்பெட்டி சூடேறிவிட்டது, வண்டியை நிறுத்துக என்று முகப்புத் தட்டில் எச்சரிக்கை தோன்றியது.

மறுவாரம் பட்டறையில் எனக்குக் கிடைத்த விடை, "ஐயா, குறை வண்டியில் இல்லை, நீங்கள் ஓட்டும் முறைதான்" என்பது. முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுபவனுக்கு இந்தச் சொல் சுருக்கென்று தைக்காதா? இந்தப் பெட்டி எங்கே பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது என்று தேடத் தொடங்கினேன்.

தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. இதனை முதலில் எண்ணியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். எங்கள் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்திலேயே எண்ணியிருக்கிறார். அவர் பெயர் அடால்ஃப் கெக்ரெஸ். ருஷியப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார்க் கொட்டகையில் பணியாற்றியவர். பனியில் புதையாமல் ஓடுவதற்காகக் காரின் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர்ப் பட்டைகளைப் பூட்டியவர். புரட்சிக்குப் பின் தாயகம் திரும்பி, சித்ரோயன் கம்பெனியுடன் சேர்ந்து உழைத்தார். அவருடைய பட்டை வண்டிகள் சகாரா பாலைவனத்தைக் கடந்தன. 1931-இல் காஷ்மீரத்து மலைவழியே கில்கித் வரையிலும் ஏறின. அவர் 1939-இல் இரண்டு கிளட்சுகள் கொண்ட கியர்ப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் உலகப் போர் மூண்டது. 1943-இல் கெக்ரெஸ் மறைந்தார். எண்ணம் காகிதத்தோடு உறங்கியது.

அந்த எண்ணம் யாது? சாதாரணக் காரில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஒரே கிளட்ச் உண்டு. கியரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதனைப் பிரித்து மீண்டும் சேர்க்க வேண்டும். அந்தக் கணத்தில் சக்கரங்களுக்கு விசை செல்லாது. கெக்ரெஸ் கியர்களை இரண்டு அணியாகப் பிரித்தார். 1, 3, 5 என்னும் ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சிற்கு; 2, 4, 6 என்னும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றிற்கு. வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் மறுபக்கத்தில் ஆயத்தமாக நிற்கும். ஒரு கை விட, மறு கை பற்றும். கிணற்றில் நீர் இறைப்பவர் கயிற்றைக் கைமாற்றுவதும் இவ்வாறுதான் அன்றோ?

இரண்டு கிளட்சுகளையும் நொடிக்குள் பிசகின்றி இயக்க மனிதக் காலால் இயலாது. மின்னணு மூளை வேண்டும். ஆகவே 1980-களில்தான் போர்ஷே, ஆடி பந்தயக் கார்களில் இந்த அமைப்பு ஓடிற்று. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் இதனை வீதிக் காரில் கொண்டுவந்தது. அந்தப் பெட்டியில் கிளட்சுகள் எண்ணெயில் தோய்ந்தவை. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். 2008-இல் அதே நிறுவனம் 7 கியர்ப் பெட்டியை வெளியிட்டது. அதில் கிளட்சுகள் உலர்ந்தவை. எரிபொருள் மிச்சமாகும், ஆனால் சூடு தணியக் காற்றைத் தவிர வழியில்லை. ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் முழுதும் பற்றாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். சூடு அங்கே பிறக்கிறது. ஜெர்மனியின் அகன்ற சாலையில் தோன்றாத நோய் திருநள்ளாற்றுத் தேரடியில் தோன்றுவதில் வியப்பில்லை.

இதற்கு உலகச் சான்று உண்டு. 2013 மார்ச்சில் சீனத்தில் 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களை அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று செல்லும் வண்டிகளில், பெட்டியிலிருந்த செயற்கை எண்ணெய் மின்பகுதியைக் கெடுத்தது; விசை அறுந்தது. செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெயை ஊற்றினார்கள். பரிகாரம் அவ்வளவு எளிது, கண்டறிவதுதான் அரிது.

ஃபோர்டு கம்பெனியின் உலர்ந்த கிளட்ச்ப் பெட்டியில் வேறொரு கோளாறு. தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் கசிந்து, தட்டுகளில் எண்ணெய் பட்டு, வண்டி நடுங்கியது. எக்கோஸ்போர்ட் என்னும் கார் நம் மறைமலைநகரில் உருவாகி, 2013 முதல் இந்த வகைப் பெட்டியுடனும் இந்தியாவில் விற்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் முறையிட்டவர்களுக்குப் பலமுறை கிடைத்த விடையைக் கேளுங்கள்: நீங்கள் ஓட்டும் முறையே காரணம்! 2018-இல் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் கம்பெனிக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

எனினும் ஓட்டுபவர் கூறுவது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அடுத்து எந்தக் கியர் வேண்டும் என்று மின்னணு மூளை முன்கூட்டி ஊகிக்கிறது. ஊகம் தவறினால் ஒரு கணத் தாமதமும் சிறு குலுக்கலும் நேரும். அது நோயன்று. பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிற்பது நம்மில் பலருக்கு வழக்கம். கிளட்சை வாணலியில் வறுப்பதற்கு அது ஒப்பாகும். என் நண்பர் ஒருவர் அவ்வாறு நின்றுகொண்டே இந்தப் பெட்டியை வைவார்.

மெய்யான நோயை அறியக் கெக்ரெஸின் கணக்கே நமக்குத் துணை. வண்டி நடுங்கினால் எந்தக் கியரில் என்று பாருங்கள். நெம்புகோலைக் கைமுறை நிலைக்குத் தள்ளினால் முகப்புத் தட்டில் எண் தெரியும். 1-இலும் 3-இலும் நடுங்கி, 2-இலும் 4-இலும் நடுங்காதிருந்தால் பழுது ஒற்றைப்படைப் பக்கத்தில்தான். ஒரு பக்கத்துக் கியர்கள் அடியோடு மறைந்தாலும் அவ்வாறே கொள்க. ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கத்தைச் சேரும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். எல்லாக் கியரும் ஒருங்கே விடைபெற்றால், கிளட்சை ஐயுறுவதற்கு முன் அதனை இயக்கும் எண்ணெய் அழுத்தத்தையும் மின்பகுதியையும் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று ஒலித்தால் இரட்டைப் பறப்புச் சக்கரத்தின்மேல் ஐயம் கொள்ளலாம். வேகத்தோடு உயர்ந்து பாடும் முனகல், பேரிங் தேய்வின் குரல்.

நான் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் வண்டியை ஓட்டி, கியர் எண்ணையும், குளிர்ந்த நிலையா சூடேறிய நிலையா என்பதையும் ஒரு நோட்டில் குறித்தேன். 1, 3 நடுக்கம். 2, 4, ரிவர்ஸ் அமைதி. காலைக் குளிரிலும் அதே நடுக்கம். ஆகவே கூட்டநெரிசல் மட்டுமே காரணமாகாது. அந்த நோட்டுடன் மீண்டும் அதே பட்டறைக்குச் சென்றேன். இம்முறை வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் அதனை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். "இப்படி எழுதிக்கொண்டு யாரும் வந்ததில்லை, சார்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பெட்டியை இறக்கி என்னை அழைத்துக் காட்டினார். ஒற்றைப்படைப் பக்கத்துத் தட்டில் எண்ணெய் கறுத்துப் படிந்திருந்தது. ஆயில் சீலின் உதடு ஓரிடத்தில் கிழிந்திருந்தது.