சப்புக்கொட்டாத விமர்சகர்

1967ல் பிரிட்டனில் ஒரு புத்தகம் வந்தது. பெயர் ‘தி பேட் ஃபுட் கைடு’. எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று சொல்ல அங்கே ஏற்கெனவே ஒரு வழிகாட்டி இருந்தது. ரேமண்ட் போஸ்ட்கேட் 1951ல் ஆரம்பித்த ‘தி குட் ஃபுட் கைடு’. வாசகர்கள் தாங்கள் சாப்பிட்ட கடைகளைப் பற்றி எழுதி அனுப்ப, அதிலிருந்து தொகுத்தார்கள். அதைச் சீண்டுகிற மாதிரிதான் டெரெக் கூப்பர் தன் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். நல்ல கடையைப் பட்டியல் போட்டாச்சு, சரி. மிச்சக் கடைகளில் சனங்கள் எதைத் தின்கிறார்கள்?

கூப்பர் அடிப்படையில் வானொலிக்காரர். 1925ல் பிறந்தவர். கடற்படை, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, அப்புறம் ரேடியோ மலாயா. மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் என்று ஒலிபரப்பிய நிலையம். 1950களின் பெரும்பகுதி அங்கேதான் போனது. ஒரே தெருவில் நாலு வகைச் சமையல் மணக்கிற ஊரில் இருந்துவிட்டு லண்டன் ஓட்டல் சாப்பாட்டுக்குத் திரும்பினால் எப்படி இருந்திருக்கும்? ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம்.

அந்தச் சாப்பாடு ஏன் அப்படி இருந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940ல் தொடங்கி 1954ல்தான் முழுசாக முடிந்தது. போர் நடந்தபோதுகூட ரொட்டிக்குப் பங்கீடு இல்லை. போர் முடிந்தபின் 1946ல் கொண்டுவந்தார்கள், இரண்டு வருஷம் இருந்தது. கிடைத்ததைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 1961ல் சோர்லிவுட் என்ற ஊரின் ஆய்வுக்கூடத்தில் ரொட்டி மாவை அதிவேகமாகப் பிசைந்து, புளிக்கவிடும் நேரத்தைச் சுருக்கும் முறை வந்தது. மலிவான, மெத்தென்ற ரொட்டி. சுவைக்கு அவகாசம் ஏது? ஒரு கடையைத் திட்டுவதால் இது சரியாகிவிடாது. தட்டில் இருப்பது கடைக்காரரின் கைங்கரியம் மட்டும் இல்லையே.

1979ல் பிபிசி ரேடியோ 4ல் ‘தி ஃபுட் புரோகிராம்’ ஆரம்பமானது. சுமார் இருபதாண்டுகள் கூப்பரின் குரல்தான் அதன் அடையாளம். யோசித்துப் பார்த்தால், சாப்பாட்டைப் பற்றிப் பேச வானொலி மாதிரி வக்கில்லாத ஊடகம் கிடையாது. ஆவி பறக்கிற பிரியாணியைக் காட்ட முடியாது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, “வேற லெவல்!” என்று முகத்திலேயே சொல்லவும் முடியாது. கேள்வி கேட்கத்தான் முடியும். இந்தக் கோழி எங்கே வளர்ந்தது, என்ன தின்றது, இதில் யாருக்கு லாபம்? அந்தக் குறைதான் கூப்பரைப் பெரிய விமர்சகர் ஆக்கியது என்பது என் எண்ணம்.

கேமரா என்ன செய்யும் என்பதற்கு அதே பிரிட்டனில் உதாரணம் உண்டு. மாடுகளுக்கு மூளைநோய் பரவி, மாட்டிறைச்சி தின்னலாமா என்று நாடே பயந்துகிடந்த 1990ல், வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் தன் நாலு வயது மகளுக்குப் பர்கரை ஊட்டப் பார்த்தார். தானும் கடித்துக் காட்டினார். பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கு, அவ்வளவுதான் சேதி. 1996 மார்ச்சில் அதே கட்சியின் அரசாங்கம், அந்த நோய்க்கும் மனிதர்களைக் கொல்லும் புதுவகை மூளைநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அமைச்சர் கடித்த கடியில் அது எப்படித் தெரியும்? நாக்குக்கு எட்டாத சங்கதி அது.

கூப்பர் 2014ல் காலமானார். ஸ்காட்ச் விஸ்கி பற்றியும் ரசித்து எழுதியவர். ருசிக்கு விரோதி ஒன்றும் இல்லை. பிபிசியின் உணவு, வேளாண் விருதுகளில் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. நிகழ்ச்சி ரேடியோ 4ல் இன்னும் ஓடுகிறது, இன்னமும் படமில்லாமல்.