தன்னுண்ணல்

விரதக் காணொளிகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் ‘ஆட்டோஃபேஜி’. பட்டினி கிடந்தால் அது புற்றுநோயையே கரைத்துவிடும் என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் தான். ‘ஃபேகெய்ன்’ என்றால் உண்பது. கல் சவப்பெட்டியைக் குறிக்கும் ‘சார்கோஃபேகஸ்’ இதன் பங்காளி. அதற்குச் சதைதின்னி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில், பட்டினியில் உடல் தன்னையே கரைத்துக்கொள்வதை இச்சொல் குறித்தது. 1963இல் உயிரணு அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் அதை உயிரணுவுக்குள் இறக்கினார்: பழுதான பாகங்களைச் சவ்வுப்பையில் சுற்றி, செரித்து, மறுபடி பயன்படுத்தும் வேலை அது. ஆனால் புற்றுநோயில், எடுத்துக்காட்டாகச் சூலகப் புற்றுநோயில், இதற்கு இரட்டை வேடம். தொடக்கத்தில் கழிவை அகற்றிக் கட்டி உருவாவதைத் தடுக்கக்கூடும். இவ்வேலைக்கு வேண்டிய பெக்ளின்-1 மரபணுவின் ஒரு பிரதி பல சூலகக் கட்டிகளில் காணாமல் போயிருக்கிறது. கட்டி வளர்ந்தபின்போ, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் அடியிலும் புற்றணு பிழைத்துக்கிடக்க அதுவே சோறு போடக்கூடும். தமிழில் ‘தன்தின்னல்’ என்று சொல்லலாம்தான். ஆனால் துரு தின்னும், கறையான் தின்னும். உண்பது உயிர் வளர்க்க. அதனால் என் ஓட்டு ‘தன்னுண்ணலு’க்கே. வளர்வது யாருடைய உயிர், நம்முடையதா கட்டியுடையதா என்பதை மட்டும் காணொளியில் தேடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.