பறங்கிப்புண்: ஒரு பழியின் வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைவீதிகளில் நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் பறங்கிப்பட்டை கேட்டால், காய்ந்த கிழங்குத் துண்டுகளை நிறுத்துத் தருவார். அது சதுரகிரி மூலிகையன்று. சீனத்திலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் நூல் அதைச் சிஃபிலிஸ் நோய்க்கு மருந்தாகக் கூறுகிறது. அதே நூற்றாண்டில் பாவமிச்ரர் அந்நோயை 'பிரங்க ரோகம்' என்றார். தமிழில் அது பறங்கிப்புண் ஆயிற்று.

பறங்கியர் மீது நாம் சுமத்திய பழியை அவர்களும் தமக்குள் சுமத்திக்கொண்டனர். 1495இல் நேப்பிள்ஸ் போரை ஒட்டி நோய் பரவியபோது இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர்.

பின்னர் பழி பெண்கள் மீது விழுந்தது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுக்கும் கட்டாயப் பரிசோதனைக்கும் உட்படுத்தியது. அவர்களிடம் சென்ற ஆண்களை அது தொடவில்லை. சென்னை மாகாணத்திலும் அப்பெண்களை அடைத்துவைக்க 'லாக்' மருத்துவமனைகள் இருந்தன. தாது வருஷப் பஞ்சத்தில் அங்கு கிடைத்த சோற்றுக்காகவே பெண்கள் வந்து சேர்ந்ததை வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

நோய்க்குக் காரணமான திருகுவடிவப் பாக்டீரியாவை 1905இல் ஷாடின், ஹாஃப்மன் இருவரும் கண்டனர். நூற்றாண்டுகளாகப் பாதரசம் தின்று பல்லுதிர்ந்தவர்களின் துயரம் 1943இல் பென்சிலின் இந்நோய்க்குப் பயன்பட்ட பிறகே தீரத் தொடங்கியது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். இந்நோயின் முதற்புண்ணோ கட்டுக் கேட்பதில்லை. வலிப்பதில்லை, சில வாரங்களில் தானே ஆறிவிடுகிறது. நோய் தீர்ந்ததென்று நாம் ஏமாறுவது அங்கேதான். கிருமி உடலில் தங்கி, ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கருவிலுள்ள குழந்தையையும் கொல்லக்கூடும்.

தொடக்கநிலையில் பெரும்பாலும் ஒரே தவணை பென்சிலின் ஊசி போதும். ஆனால் துணைவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். இல்லையேல் நோய் திரும்பத் தொற்றும். ஆணுறை ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். கருவுற்ற பெண்ணுக்கு முதல் மாதங்களிலேயே இரத்தப் பரிசோதனை செய்தால் குழந்தையைக் காக்கலாம்.

இவ்வளவு எளிய மருத்துவம் இருந்தும், யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்கு அஞ்சியே இன்றும் பலர் மருத்துவரிடம் செல்லாமல் இருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக நாம் கேட்டுவரும் அந்தக் கேள்வி ஒருவரையும் குணப்படுத்தியதில்லை.