நடுத்தீர்வையில் நடு எது?

‘நடுத்தீர்வை’ என்றால் சாவுக்கும் உலக முடிவுக்கும் நடுவில் நடக்கும் தீர்ப்பு என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. கத்தோலிக்கரின் பழைய விசுவாச மந்திரம், கிறிஸ்து சீவியரையும் மரித்தவரையும் ‘நடுத்தீர்க்க’ வருவார் என்கிறது. அந்த வருகை உலக முடிவில். இடைக்காலத்துக்கு அங்கே என்ன வேலை? செத்தவுடனேயே ஆன்மா தனக்குரிய கதியை அடைகிறது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர் 1336இல் அறிக்கையிட்டார். அந்த முதல் தீர்ப்புக்கு ஞானோபதேசம் வைத்த பெயர் தனித்தீர்வை. கடைசி நாளுக்குரியது பொதுத்தீர்வை. பெயர் இரண்டும் தெளிவாக இருக்க, மூன்றாவதாக ஓர் ‘இடைத்தீர்வை’ எதற்கு?

கேட்டாலே நடுங்க வைப்பதால் நடுத்தீர்வை என்பாரும் உண்டு. அவர்களுக்கு மறுமொழி வேண்டியதில்லை.

குறளைப் புரட்டினால் போதும். 116, 117, 171 ஆகிய மூன்றிலும் ‘நடு’ தனித்து நின்றே நீதியைக் குறிக்கிறது. ‘நிலைமை’ என்ற துணைகூட அதற்குத் தேவைப்படவில்லை. பட்டினப்பாலை புகார் வணிகரின் நெஞ்சை நுகத்தடியின் நடுவிலுள்ள ஆணிக்கு ஒப்பிடுகிறது. அந்த ஆணிக்குப் பெயர் பகல். பகலுக்கே நடுவுநிலை என்ற பொருளும் பிறந்தது. சூரியனோடு மட்டும் அதை முடிச்சுப்போடுவோர் வண்டி மாட்டைப் பார்த்ததில்லை போலும். வழக்குத் தீர்ப்பவர் நடுவர். உயிரைக் கணக்குப் பார்த்துக் கொண்டுபோகும் யமன் நடுவன். அவனுக்கு ஞமன் என்றும் பெயர். புறநானூற்றின் 6ஆம் பாட்டில் காரிகிழார் சொல்லும் ஞமனோ துலாக்கோலின் நா. மதுரைக்காஞ்சி அறங்கூறு அவையத்துக்கு உவமையாக்குவதும் அந்தக் கோலையே. சாவின் தேவனும் தராசின் நாவும் ஒரே பெயரில் நிற்கும் மொழியில், கடைசித் தீர்ப்புக்கு ‘நடு’ என்ற சொல் வந்து பொருந்தியதில் வியப்பென்ன? தானியேல் ஐந்தாம் அதிகாரத்தில் பெல்ஷாத்சார் தராசில் நிறுக்கப்பட்டுக் குறையக் காணப்பட்டான். ஐரோப்பியக் கோயில் சிற்பங்களில் ஆன்மாக்களை மிக்கேல் தூதர் நிறுப்பதும் இதே எண்ணம்தான்.

இனி ‘தீர்வை’. ஆயத்தீர்வை, சுங்கத்தீர்வை என்று வரிக்கும் இதே சொல் வழங்குவதால், தீர்ப்பு நாளைக் கடவுள் வரி வாங்கும் நாளாக்கிவிட்டார் ஒருவர். வேரைப் பார்க்கவேண்டும். தொல்காப்பிய உரியியல் தீர்தல், தீர்த்தல் இரண்டுக்கும் விடுதலையே பொருளாகத் தருகிறது. நோய் தீர்வதும் கடன் தீர்வதும் அப்படித்தான்; ஒன்றிலிருந்து ஒன்று விட்டுப் பிரிகிறது. வழக்கைத் தீர்ப்பதும் மெய்யையும் பொய்யையும் பிரித்து விடுவதே. புதிய ஏற்பாட்டில் தீர்ப்புக்கு நிற்கும் ‘கிரிசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வினையும் முதலில் பிரித்தலையே குறித்தது. மத்தேயு 25இல் மேய்ப்பன் செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமுமாகப் பிரிப்பதுதான் தீர்ப்பின் முதல் செயல். பசித்தவனுக்கு உணவிட்டாயா, சிறையிலிருந்தவனைப் பார்த்தாயா என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

புராட்டஸ்டண்டுகள் ‘நியாயத்தீர்ப்பு’ என்றார்கள். நியாயம் வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் கேட்காத தமிழன் யார்? ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் மேசையும் நீதிபதியும் தண்டனையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன, தராசு தெரியவில்லை. 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘நியாயாதிபதிகள்’ என்ற நூற்பெயரை ‘நீதித் தலைவர்கள்’ ஆக்கியது. நடுத்தீர்வை நாளையும் ‘தீர்ப்பு நாள்’ என்று சுருக்கியது. ஒற்றுமைக்காகச் செய்தது, சரி. நடு போய்விட்டது.

அந்தப் பழைய மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தது, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனாக்கிய வீரமாமுனிவர் உலவிய சபை. அங்கே ‘நடு’வுக்குப் பொருள் தெரியாமல் யாரும் மந்திரம் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. நடுத்தீர்வையைக் கோத்த கை குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தைப் புரட்டிய கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.