விழும் ஒளியும் மீளும் ஒளியும்

ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் புகைப்படத் தொகுதியொன்று 1858ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற காப்டன் லினேயஸ் ட்ரைப் என்பவர். எங்கள் நாமகிரிப்பேட்டையும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. மெழுகூட்டிய காகிதத்தில் நிமிடக்கணக்காக ஒளியை வாங்கிப் படமெடுத்த அவருக்கு, ஒளியை அளக்கும் கருவி ஏதும் இல்லை. கண்ணும் பழக்கமுமே துணை.

1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆல்பிரட் வாட்கின்ஸ் ஓர் ஒளிமானிக்குக் காப்புரிமை பெற்றார். ஒளி பட்டால் கறுக்கும் காகிதத் துண்டு, குறித்த நிறத்தை அடைய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவதே அதன் முறை. பொருளின்மீது விழும் ஒளியையே அது அளந்தது. 1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனி, செலீனியம் பூசிய மின்கண் கொண்ட ஒளிமானியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நொடியில் முள் அசையும், மின்கலமும் வேண்டாம். ஆயின், இது பொருளிலிருந்து மீளும் ஒளியை அளப்பது. இவ்வேறுபாட்டை அறியாதவர் ஏமாறுவர். அவ்வாறு ஏமாந்தவருள் நானும் ஒருவன்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், பள்ளி மாணவரைக் குழுவாக நிறுத்திப் படமெடுத்தேன். கேமராவில் இருந்தது, உதகையில் 1967 முதல் உற்பத்தி நடத்தி, இன்று மூடப்பட்டுவிட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிம். பின்னே வெள்ளையடித்த சுவர். பிள்ளைகள் அணிந்தவை வெள்ளைச் சட்டைகள். ஒளிமானியை அவர்களை நோக்கிப் பிடித்து, முள் காட்டியபடியே எடுத்தேன். படத்தில் சுவர் சாம்பல் நிறமாயிற்று. பிள்ளைகளின் முகங்களோ கரிய நிழல்களாயின. பெற்ற தாயரும் தம் மக்களை விரல் வைத்துத் தேடினர். பிழை கருவியினுடையதன்று. மீளும் ஒளியை அளக்கும் கருவி, தான் காண்பது எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பலென்றே கொள்ளும். வெண்மையைக் கண்டு ‘ஒளி மிகுதி’ என்று அது சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

ஆகவே, இன்று பிலிமில் படமெடுக்கத் தொடங்கும் இளைஞர், வெண்ணிறக் குமிழ் உடைய ஒளிமானியைத் தேர்தல் நன்று. அமெரிக்கரான டான் நார்வுட் வகுத்த அவ்வமைப்பைப் பின்னர் ஜப்பானின் செக்கோனிக் கம்பெனி வளர்த்தது. முகத்தருகே அதனைப் பிடித்துக் குமிழைக் கேமராவின் பக்கம் திருப்பினால், விழும் ஒளி கிடைக்கும். சட்டையின் நிறம் கணக்கைக் கெடுக்காது. பழைய செலீனியக் கருவி வாங்குவோர், தெளிந்த நண்பகல் வெயிலில் சோதித்தறிக. 100 வேகமுள்ள பிலிமுக்கு, எப் 16 துவாரத்தில் நூறில் ஒரு வினாடியை ஒட்டி அது காட்டவேண்டும். வெகுவாக விலகினால் மின்கண் தளர்ந்துவிட்டது என்று கொள்க. பாதரச மின்கலத்துக்கென்று அமைந்தவற்றைத் தவிர்ப்பதே நலம். அக்கலம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை.

குமிழுள்ள கருவி வாங்க இயலாதவர், முகத்தின்மீது படும் அதே ஒளியில் தம் உள்ளங்கையை நீட்டி அதனை அளந்து, ஒரு படி கூடுதலாக ஒளி தருக. எங்களூரில் வெயிலில் பளிச்சிடும் களத்தில் மஞ்சள் உலர்த்துவோரைப் படமெடுக்கும்போது நான் செய்வது இதுவே. களம் சற்று வெளுத்தாலும் குறையில்லை. உழைப்பவர் முகம் தெரிகிறது.